கியூபிச ஓவியமும் நான்காம் பரிமாணமும்: ஒரு வரலாற்று நோக்கு

நவீன ஓவியத்தின் வரலாற்றைக் கூறும் நூல்களில் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுவதை நாம் காண்கிறோம். 1905ஆம் ஆண்டில் அல்பர்ட் ஐன்ஸ்டைன் தமது சார்புக் கோட்பாட்டை வெளியிட்டார். இடமும் காலமும் இணைந்து நான்கு பரிமாணங்கள் கொண்ட ஒரே வெளியாக அமைகின்றன என்பது அதிலிருந்து பெறப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் பாரிஸ் நகரில் பாப்லோ பிக்காஸோ ஓர் உருவத்தைப் பல பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பது போல் வரையத் தொடங்கினார். ஆகவே கியூபிசம் என்பது சார்புக் கோட்பாட்டின் ஓவிய வடிவமாகும் என்பதே அக்கூற்று. ஒரு யுகத்தின் விஞ்ஞானமும் கலையும் ஒரே உண்மையை இரு மொழிகளில் பேசின என்ற எண்ணம் கவர்ச்சி மிக்கது. எனவே அது எளிதில் நிலைபெற்றுவிட்டது.

ஆயினும், சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கும்போது இக்கூற்று நிலைகொள்வதில்லை. அதேவேளை, கியூபிச ஓவியர்கள் 'நான்காம் பரிமாணம்' என்ற சொல்லை உண்மையாகவே கையாண்டனர் என்பதும் மறுக்க முடியாததாகும். அவ்வாறாயின் அவர்கள் பேசிய நான்காம் பரிமாணம் எது? அது எந்த நூல்களின் வழியாக, எந்த மனிதர்களின் வழியாக அவர்களைச் சென்றடைந்தது? அவர்களுடைய தூரிகைக்கு அது எதைக் கொடுத்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாறான ஆய்வில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு நெறி துணைநிற்கிறது. ஓர் அறிவிப்பை ஏற்பதற்கு முன், சொன்னவரும் கேட்டவரும் சமகாலத்தவரா, அவர்கள் சந்தித்தனரா, இடையில் வந்தவர் நம்பகமானவரா என்றெல்லாம் வினவுவது ஹதீஸ் துறை அறிஞர்கள் வகுத்த முறை. சமகாலத்தவராயிருந்து சந்திக்கும் வாய்ப்பு இருந்தாற் போதும் என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. சந்திப்பு நிகழ்ந்தமை நிறுவப்படல் வேண்டும் என்ற கடுமையான நிபந்தனை இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்குரியதாகக் கூறப்படுகிறது. ஒரு கருத்து ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சென்றது என்று கூறுவோரிடமும் இதே வினாக்களை எழுப்புதல் பொருத்தமானதாகும்.

நான்காம் பரிமாணம் என்ற எண்ணம்

இச்சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ள, பாரிஸ் ஓவியர்களை விட்டுச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஒரு புள்ளி ஒரு திசையில் நகர்ந்தால் கோடு பிறக்கிறது. அக்கோடு தனக்குச் செங்குத்தாக நகர்ந்தால் சதுரம் பிறக்கிறது. சதுரம் தனக்குச் செங்குத்தாக மேலெழுந்தால் கனசதுரம் பிறக்கிறது. கோட்டிற்கு 2 முனைகள், சதுரத்திற்கு 4, கனசதுரத்திற்கு 8. இம்மூன்று திசைகளுக்கும் செங்குத்தான நான்காவது திசையொன்று இருக்குமாயின், கனசதுரம் அதில் நகர்ந்து உருவாக்கும் வடிவம் 16 முனைகளையும் 32 விளிம்புகளையும் 24 சதுர முகங்களையும் கொண்டிருக்கும். 8 கனசதுரங்கள் அதன் எல்லைகளாக அமையும். கண்ணாற் காண முடியாத இவ்வடிவத்தைக் கணக்கிட்டு அறிவதில் தடை எதுவும் இல்லை.

முற்கால அறிஞர்கள் இத்தகைய நான்காவது திசைக்கு இடமளிக்கவில்லை. பருமன் மூன்று திசைகளில் மட்டுமே விரியும் என்பது அரிஸ்டோட்டிலின் முடிவு. ஆனால் அட்சரகணிதம் வளர்ந்தபோது இம்முடிவு சோதனைக்குள்ளாகியது. ஓர் எண்ணின் வர்க்கம் சதுரத்தையும் அதன் கனம் கனசதுரத்தையும் குறிக்குமாயின், நான்காம் வலு எதைக் குறிக்கும்? அரபு மொழியில் 'மால் மால்' (வர்க்கத்தின் வர்க்கம்) என அழைக்கப்பட்ட இவ்வலுவை அல்-கரஜீ போன்றோர் எண்கணிதத்தில் தயக்கமின்றிக் கையாண்டனர். உமர் கையாம் (1048-1131) தமது அட்சரகணித நூலில் இவ்விடயத்தைத் தெளிவாகப் பிரித்துரைத்தார். எண்களுக்கு இது பொருந்தும். அளவிடத்தக்க பருமன்களைப் பொறுத்தவரை வர்க்கத்தின் வர்க்கம் என்பது பெயரளவிலானதே அன்றி உண்மையில் இருப்பதன்று என்பது அவர் கருத்து. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்வந்த ஆக்ஸ்போர்ட் கணிதப் பேராசிரியர் ஜோன் வாலிஸும் 1685இல் ஏறத்தாழ இதே நிலைப்பாட்டையே கொண்டிருந்தார்.

இத்தடையை முறையாகத் தாண்டியது 19ஆம் நூற்றாண்டு ஆகும். ஹேர்மன் கிராஸ்மன் 1844இல் பரிமாணங்களின் எண்ணிக்கைக்கு எல்லை விதிக்காத கணிதமொன்றை வகுத்தார். பேர்னார்ட் ரீமான் 1854இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வெளி என்பது எத்தனை பரிமாணங்களையும் கொண்டதாக, வளைந்ததாகவும் இருக்கலாம் எனக் காட்டினார். அவ்வுரை அவர் மறைந்த பின்னரே, 1868இல், அச்சேறியது.

யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள்

இக்காலத்தில் இன்னொரு பழைய அரணும் தகர்ந்தது. ஒரு நேர்கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளியொன்றினூடாக அக்கோட்டிற்குச் சமாந்தரமாக ஒரேயொரு கோடு மட்டுமே வரையலாம் என இன்று நாம் எளிமையாகக் கூறும் கருத்து, யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோளுக்குச் சமமானதாகும். இதனை ஏனைய எடுகோள்களிலிருந்து நிறுவ முடியுமா என்ற வினா இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களை வாட்டியது. இப்னுல் ஹைதம் அசைவைத் துணைகொண்டு நிறுவ முயன்றார். கேத்திரகணிதத்தில் அசைவுக்கு இடமில்லை என மறுத்த உமர் கையாம் 1077இல் வேறொரு வழியை முன்வைத்தார். நஸீருத்தீன் அத்தூஸியும் (1201-1274) இதில் ஈடுபட்டார். தூஸியின் பெயரால் 1594இல் ரோமில் அரபு மொழியில் அச்சான நூலொன்று, அவருடைய மரபில் வந்த ஒருவரால் எழுதப்பட்டதாக இன்று கருதப்படுகிறது. மேலே குறிப்பிட்ட ஜோன் வாலிஸ் அந்நூலிலுள்ள நிறுவலை மொழிபெயர்ப்பின் வழி அறிந்திருந்தார். இத்தாலியரான சாக்கேரி 1733இல் அதை எடுத்தாண்டு விமர்சித்தார். நூல், மொழிபெயர்ப்பு, மேற்கோள் என்ற வரிசை அறுபடாமல் இருப்பதால் இத்தொடர்பு ஐயத்திற்கு இடமற்றது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரஷ்யரான லோபச்செவ்ஸ்கியும் ஹங்கேரியரான போல்யாயும் ஐந்தாவது எடுகோளைக் கைவிட்டாலும் முரண்பாடற்ற கேத்திரகணிதமொன்று சாத்தியம் எனத் தனித்தனியே காட்டினர். யூக்ளிட்டின் வெளி ஒன்றே வெளி என்ற நம்பிக்கை இவ்வாறு முடிவுக்கு வந்தது. நான்காம் பரிமாணமும் யூக்ளிட் சாராத கேத்திரகணிதமும் வெவ்வேறானவை. எனினும் பொதுமக்களின் பேச்சில் அவை ஒன்றாகக் கலந்தன. ஓவியர்களின் பேச்சிலும் இக்கலப்பு நீடித்தது.

கணித அறையிலிருந்து பொதுவெளிக்கு

கணிதவியலாளரின் இக்கருத்து சாதாரண வாசகரை அடைந்தது வேறு சிலரின் முயற்சியால் ஆகும். ஆங்கிலேயரான சார்ள்ஸ் ஹவார்ட் ஹின்டன் 1880 முதல் இதுபற்றி எழுதினார். நான்கு பரிமாண கனவடிவத்திற்கு 'டெசரக்ட்' எனப் பெயரிட்டார். நிறம் பூசிய கட்டைகளை மனத்திற் பதித்துப் பழகினால் நான்காம் பரிமாணத்தை உணரலாம் எனப் போதித்தார். பாடசாலை அதிபரான எட்வின் அபொட் 1884இல் வெளியிட்ட 'தட்டை நாடு' என்ற புனைகதையில், தளமொன்றில் மட்டும் வாழும் சதுரம் ஒன்று கோளத்தைச் சந்திக்கிறது. கோளம் தளத்தைக் கடந்து செல்கையில், எங்கிருந்தோ தோன்றிப் பெருத்து, பின் சிறுத்து மறையும் வட்டமாகவே சதுரத்தின் கண்ணுக்குப் படுகிறது. நமக்கும் இதே குறை இருக்கலாம் அல்லவா என்பது வாசகர் முன் வைக்கப்பட்ட வினா.

இவ்வெண்ணம் தவறான கைகளிலும் அகப்பட்டது. ஆவிகளோடு தொடர்புடையவராகத் தம்மைக் கூறிக்கொண்ட ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்கர், 1877இல் முனைகள் முத்திரையிடப்பட்ட கயிற்றில் முடிச்சுகளை விழச் செய்தார். லைப்சிக் பேராசிரியர் சோல்னர் அதனை நான்காம் பரிமாணத்திற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். மறுபுறம், 1895இல் ரொண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள், கண் காண்பதே முழு உண்மையன்று என்ற எண்ணத்தை விஞ்ஞானத்தின் பெயரால் உறுதிப்படுத்தின. 1909இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகை, நான்காம் பரிமாணத்தை எளிமையாக விளக்கும் கட்டுரைக்கு 500 டொலர் பரிசு அறிவித்தது.

ஒன்றை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். இவர்கள் பேசிய நான்காம் பரிமாணம் பெரும்பாலும் இடத்தின் பரிமாணமே அன்றிக் காலம் அன்று. காலத்தை நான்காவதாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தலம்பேர் எழுதிய கட்டுரையிலும், 1895இல் வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' கதையிலும் காணப்படினும், 1900ஐ அண்டிய ஆண்டுகளில் இச்சொல் கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு திசையையே முதன்மையாகக் குறித்தது.

ஓவியரின் ஒற்றைக் கண்

இனி ஓவியத்தின் பக்கம் திரும்புவோம். கியூபிசம் எதனை எதிர்த்து எழுந்தது என்பதை அறிந்தாலன்றி, நான்காம் பரிமாணம் அதற்கு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்காது.

15ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஓவியத்தை ஆண்டது 'பெர்ஸ்பெக்டிவ்' எனப்படும் தூரத்தோற்ற முறை. அசையாது நிற்கும் ஒருவர் ஒரே கண்ணால் ஒரு சாளரத்தினூடாகப் பார்ப்பதைப் போல உலகை வரைதலே அதன் சாரம். அண்மையிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் அமைய, சமாந்தரக் கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடும். புளோரன்ஸில் புருனலெஸ்கி செய்து காட்டியதை 1435இல் அல்பேர்ட்டி நூலாக்கினார்.

இம்முறைக்குப் பின்னணியாக அமைந்த பார்வையியலில் இப்னுல் ஹைதமின் (கி.பி. 965 - சுமார் 1040) பங்கு பெரியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்பதை அவர் தமது 'கிதாபுல் மனாஸிர்' நூலில் கேத்திரகணித முறையில் விளக்கினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ரோஜர் பேக்கன் முதலியோரால் பயிலப்பட்டது. புளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டி அதன் இத்தாலிய மொழிபெயர்ப்பைத் தமது நூலில் விரிவாக எடுத்தாண்டார். இதுவும் நூல் வழியாக நிறுவத்தக்க தொடர்பாகும். இதன் பொருள், இப்னுல் ஹைதம் ஓவிய முறையொன்றைக் கண்டறிந்தார் என்பதன்று. அவர் எழுதியது பார்வை பற்றியே. ஓவியம் வரைதல் பற்றியன்று.

இம்முறையின் மீதான நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தளர்ந்தது. போல் செசான் ஒரே மேசையின் இரு விளிம்புகளை இரு உயரங்களிலிருந்து பார்ப்பது போல் வரைந்தார். அவர் 1906இல் மறைந்ததை அடுத்து, 1907இல் பாரிஸில் நடைபெற்ற நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களை ஆழமாகப் பாதித்தது. அதே ஆண்டில் பிக்காஸோ 'அவிஞ்ஞோன் பெண்கள்' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். அதில் அமர்ந்திருக்கும் உருவம் ஒன்று நமக்கு முதுகைக் காட்டியிருக்க, அதன் முகமோ நம்மை நேரே நோக்குகிறது. பழைய ஐபீரியச் சிற்பங்களும், பாரிஸின் ட்ரொக்கடேரோ அரும்பொருளகத்தில் அவர் கண்ட ஆபிரிக்க முகமூடிகளும் இவ்வோவியத்திற்கு நேரடித் தூண்டுதலாயின. 1908இல் ஜோர்ஜ் பிராக் காட்சிக்கு வைத்த நிலக்காட்சிகளைப் பார்த்த விமர்சகர் லூயி வொக்செல், எல்லாம் கனசதுரங்களாகச் சுருக்கப்பட்டுள்ளன என எழுதினார். கியூபிசம் என்ற பெயர் அதிலிருந்தே வேரூன்றியது.

பாரிஸில் நிகழ்ந்த சந்திப்பு

பிக்காஸோ வாழ்ந்த மொன்மார்த்ர் குன்றின் 'பத்தோ லவ்வார்' கட்டடத்தில் கூடிய ஓவியர், கவிஞர் வட்டத்தில் மொரிஸ் பிரின்ஸே என்பவரும் இருந்தார். காப்புறுதித் துறையில் கணக்காளராகப் பணியாற்றிய அவர் கணிதத்தில் நாட்டமுடையவர். ஓவியர்களுடன் புதிய கேத்திரகணிதம் பற்றி உரையாடுபவர். அக்காலத்தில் பிரெஞ்சு மொழியில் இரண்டு நூல்கள் கிடைத்தன. ஒன்று, 1902இல் வெளியான ஹென்றி புவங்காரேயின் 'விஞ்ஞானமும் கருதுகோளும்'. மற்றையது, 1903இல் எஸ்பிரி ஜூஃப்ரே எழுதிய நான்கு பரிமாணக் கேத்திரகணிதப் பாடநூல்.

புவங்காரேயின் வாதம் ஓவியர்களுக்கு மிக அண்மையானது. விழித்திரையில் விழும் பிம்பம் இரு பரிமாணங்களையே கொண்டது. பொருளைச் சுற்றிப் பார்ப்பதனாலும், தொடுவதனாலும், கண் தசைகளின் முயற்சியாலும் கிடைக்கும் பல தோற்றங்களைத் தொகுத்தே நாம் மூன்றாவது பரிமாணத்தை அறிகிறோம். அவ்வாறே நான்கு பரிமாணப் பொருளொன்றையும் வெவ்வேறு நிலைகளிலிருந்து எடுத்த பல தோற்றங்களின் வழியாகச் சித்திரிக்கலாம் என்றார் அவர். ஜூஃப்ரே அத்தகைய வடிவங்களைத் தாளில் வரைந்தே காட்டினார். ஒன்றின் மீது ஒன்றாக ஊடுருவும் முக்கோணங்களும் ஒளிபுகும் தளங்களும் நிறைந்த அப்படங்களை, பிக்காஸோ 1910இல் வரைந்த அம்ப்ருவாஸ் வொல்லாரின் உருவப்படத்திற்கு அருகில் வைத்துப் பார்ப்பவர் எவரும் ஒற்றுமையைக் காண்பர். ஆனால் ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

சான்றுகளின் தரம்

இங்குதான் நாம் முன்னர் குறிப்பிட்ட நெறி பயன்படுகிறது. ஓவியர்கள் அனைவரையும் ஒன்றாக நோக்காமல், தனித்தனியே நோக்கினால் சான்றுகள் வெவ்வேறு தரத்தனவாய் அமைகின்றன.

மிக வலுவான சான்று மார்செல் டூஷாம் பற்றியது. 1915 முதல் 1923 வரை அவர் உழைத்த 'பெருங் கண்ணாடி' என்ற படைப்பு இன்று பிலடெல்பியா அரும்பொருளகத்தில் உள்ளது. அதற்காக அவர் எழுதிவைத்த குறிப்புகளில், முப்பரிமாணப் பொருள் இரு பரிமாண நிழலைத் தருமாயின் நமது உலகின் பொருள்கள் நான்கு பரிமாணப் பொருள்களின் நிழல்களாகலாம் என்ற சிந்தனை காணப்படுகிறது. அங்கு ஜூஃப்ரேயின் நூலையே பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் அவர், தாங்கள் எவரும் கணிதவியலாளர் அல்லர் என்றும், எனினும் பிரின்ஸேயை நம்பியிருந்ததாகவும் நினைவுகூர்ந்தார்.

அடுத்த நிலையில் வருபவர் ழான் மெட்சிங்கர். 1910இல் எழுதிய கட்டுரையில், பிக்காஸோ நகரும் தூரத்தோற்றம் ஒன்றை நிறுவியுள்ளார் என்றும், அதிலிருந்து பிரின்ஸே ஒரு முழுக் கேத்திரகணிதத்தையே வருவித்தார் என்றும் அவர் கூறினார். இக்கூற்றின் திசையை நாம் கவனித்தல் வேண்டும். கணிதத்திலிருந்து ஓவியம் பிறந்ததாக அவர் கூறவில்லை. ஓவியத்திலிருந்து கணிதவியலாளர் கற்றதாகவே கூறுகிறார். 1912இல் அவரும் அல்பேர் கிளெய்ஸும் இணைந்து எழுதிய 'கியூபிசம் பற்றி' என்ற நூல், ஓவியரின் வெளிக்கு ஒப்புமை தேடுவோர் யூக்ளிட் சாராத அறிஞர்களையும் ரீமானின் தேற்றங்களையும் நாடல் வேண்டும் என்கிறது. தொடுகையும் அசைவும் தரும் உணர்வுகளை அது வலியுறுத்துவதில் புவங்காரேயின் குரல் தெளிவாகக் கேட்கிறது. மெட்சிங்கர் 1911இல் வரைந்த 'தேநீர் வேளை' ஓவியத்தில் கோப்பையின் ஒரு பாதி பக்கவாட்டிலிருந்தும் மறுபாதி மேலிருந்தும் பார்க்கப்பட்டதாக அமைந்துள்ளது. கோப்பையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்த ஒருவரின் அறிவே அங்கு வரையப்பட்டுள்ளது.

கவிஞர் கியோம் அப்போலினேர் 1911இல் ஆற்றிய உரையிலும் 1913இல் வெளியிட்ட நூலிலும் நான்காம் பரிமாணத்தைக் கியூபிசத்தோடு இணைத்துப் பேசினார். இச்சொல் ஓவியக் கூடங்களின் பேச்சுவழக்கிலிருந்து வந்தது என அவரே ஒப்புக்கொள்கிறார். பல இளம் ஓவியரின் ஏக்கங்களைக் குறிப்பதாகவும், இனி வரலாற்றுச் சிறப்பு மட்டுமே உடையதாகவும் அதனைக் கருதுகிறார். கணிதச் சொல்லொன்று குறியீடாக மாறிய நிலையை இது நமக்கு உணர்த்துகிறது.

இறுதியாகப் பிக்காஸோ. அவர் பிரின்ஸேயை அறிந்திருந்தார். ஒரே வட்டத்தில் உறவாடினார். சந்திப்பு நிறுவப்பட்டது, ஆனால் அச்சந்திப்பில் அவர் எதைப் பெற்றார் என்பதற்கு அவருடைய எழுத்தோ குறிப்போ இல்லை. 1923இல் அளித்த நேர்காணலில், கியூபிசத்தை விளக்குவதற்குக் கணிதம் முதலான துறைகளைத் துணைக்கழைப்பது வெறும் இலக்கியமே என அவர் புறந்தள்ளினார். ஓவியர் தம் கலையைப் பற்றிக் கூறுவதையெல்லாம் இறுதி வாக்காக ஏற்க வேண்டியதில்லை. எனினும், செசானும் ஆபிரிக்கச் சிற்பங்களும் அவரிடத்தில் ஏற்படுத்திய தாக்கத்திற்குச் சமமான சான்று நான்காம் பரிமாணத்திற்கு இல்லை என்பதை ஏற்றாக வேண்டும்.

ஐன்ஸ்டைன் எவ்வாறு உள்ளே வந்தார்?

சார்புக் கோட்பாட்டிற்கும் பிக்காஸோவுக்கும் இடையே மேற்கூறிய தரங்களில் கடைநிலைச் சான்றும் இல்லை. ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரை நான்காம் பரிமாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இடத்தையும் காலத்தையும் நான்கு பரிமாண வெளியாக இணைத்தவர் ஹேர்மன் மின்கோவ்ஸ்கி. அவர் அதனை அறிவித்தது 1908 செப்டெம்பரில், கொலோன் நகரில். பிக்காஸோவின் ஓவியம் அதற்கு ஓராண்டு முந்தியது. பௌதிகவியலாளரின் வட்டத்திற்கு வெளியே இக்கோட்பாடு பரவலாகப் பேசப்பட்டது, 1919 சூரிய கிரகண அவதானிப்பின் பின்னரே ஆகும். அப்போது கியூபிசம் தன் முதற்கட்டங்களைக் கடந்துவிட்டிருந்தது.

1919க்குப் பின் ஐன்ஸ்டைனின் புகழ் உலகெங்கும் பரவ, நான்காம் பரிமாணம் என்றால் காலம் என்ற பொருளே நிலைத்தது. புலப்படாத திசை பற்றிய பழைய நூல்கள் மறக்கப்பட்டன. ஆகவே, பின்வந்தோர் 1911இல் எழுதப்பட்ட வாக்கியத்தை 1919க்குப் பிந்திய பொருளில் வாசித்தனர். 1941இல் வெளிவந்த சீக்பிரைட் கீடியோனின் கட்டடக்கலை வரலாற்று நூல் கியூபிசத்தை நவீன பௌதிகத்தின் இட-கால எண்ணத்தோடு இணைத்தது. 1946இல் போல் லாபோர்ட் என்ற கலை ஆய்வாளர் இத்தகைய கட்டுரையொன்றை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். இப்புதிய ஓவிய மொழிக்கும் தமது கோட்பாட்டிற்கும் பொதுவானது எதுவுமில்லை என்பதே ஐன்ஸ்டைன் அளித்த பதில்.

மறக்கப்பட்ட வரலாற்றை மீட்டவர் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா டல்ரிம்பிள் ஹெண்டர்சன். 1983இல் வெளியான அவரது விரிவான ஆய்வு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் உண்மையில் எதைப் படித்தனர் என்பதைத் தேடிச் சென்றது. 2001இல் ஆர்தர் மில்லர் எழுதிய நூல் இன்னொரு இணைப்பைச் சுட்டியது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இளைஞரான ஐன்ஸ்டைன் நண்பர்களுடன் பயின்ற நூல்களில் ஒன்று புவங்காரேயின் 'விஞ்ஞானமும் கருதுகோளும்'. பிரின்ஸே பாரிஸ் ஓவியர்களுக்கு விளக்கியதும் அதே நூலின் கருத்துகள் என்பது மில்லரின் வாதம். இதன்படி நோக்கின், ஐன்ஸ்டைனும் கியூபிச ஓவியரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றவர் அல்லர்; ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுத்த இரு வேறு பயணிகள் எனலாம்.

நான்காம் பரிமாணம் கொடுத்தது என்ன?

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும். நான்காம் பரிமாணம் கியூபிசத்தைப் பிறப்பிக்கவில்லை. கியூபிச ஓவியம் நான்காம் பரிமாணத்தின் வரைபடமும் அன்று. நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய ஓவியரைக் கட்டிவைத்திருந்த ஒற்றைக் கண்ணின் சட்டம் இயற்கையின் சட்டம் அன்று என்று கூறும் துணிவை அது வழங்கியது. தூரத்தோற்ற முறை யூக்ளிட்டின் வெளியை நம்பியிருந்தது. அவ்வெளியே பலவற்றுள் ஒன்றெனக் கணிதவியலாளர் கூறியபின், அதற்குக் கட்டுப்பட மறுத்த ஓவியரை அறியாமையுடையவர் என எவரும் குற்றஞ்சாட்ட முடியவில்லை. கை முதலில் செய்ததற்குக் கணிதம் பின்னர் நியாயம் வழங்கியது. மெட்சிங்கரின் கூற்றும் இதையே காட்டுகிறது.

இம்முடிவு நமக்கும் ஒரு பாடத்தைத் தருகிறது. இப்னுல் ஹைதம் தமது நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரே பார்வையில் கிட்டும் தோற்றத்தையும், கண்ணைப் பொருளின் பகுதிகள் மீது நகர்த்தி ஆராய்ந்து பெறும் முழுமையான அறிவையும் வேறுபடுத்துகிறார். பின்னதை அவர் 'தஅம்முல்' (ஆழ்ந்து நோக்குதல்) என்கிறார். மெட்சிங்கரின் தேநீர்க் கோப்பையை மனத்திற் கொண்டு இப்பகுதியை வாசிப்பவருக்கு வியப்பு மேலிடும். கியூபிசத்தின் கருவை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் அறிஞர் கூறிவிட்டார் என எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதினால் கீடியோன் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். மெட்சிங்கர் இப்னுல் ஹைதமை வாசித்தார் என்பதற்குச் சான்று இல்லை. இருவரும் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டனர் என்பதே நாம் கூறத்தக்கது. அதுவே மதிப்பில் குறைந்ததன்று.

மாறாக, இப்னுல் ஹைதமிலிருந்து கிபெர்ட்டிக்கும், தூஸியின் மரபிலிருந்து சாக்கேரிக்கும் சென்ற வழி நூல்களாலும் மொழிபெயர்ப்புகளாலும் நிறுவப்பட்டது. அதனை நாம் தயக்கமின்றி உரத்துக் கூறலாம். நிறுவப்பட்டதையும் விரும்பப்பட்டதையும் ஒரே குரலில் கூறும்போது முன்னதும் நம்பிக்கையை இழந்துவிடுகிறது. நமது அறிவு மரபின் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பேணுவது, அம்மரபை வளர்த்த அறிஞர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையாகும்.